ரீஸ்லிங் பாட்டிலில் உப்பு

ஐஸ் பெட்டியைத் திறந்த சங்கீதா, திறந்த வேகத்திலேயே மூடினாள். மறுபடி திறந்தாள். பார்த்தது பொய்யில்லை.

ஐந்து பாட்டில்களில் ஒன்றின் கார்க்கைக் காணோம். அதன் கழுத்திலிருந்து வெளுத்த பனிக்கட்டி நாலு விரல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது, குச்சி இல்லாத குச்சி ஐஸ் மாதிரி. மற்ற நாலிலும் கார்க் பாதி மேலே வந்து, எந்த நிமிஷமும் தெறிக்கத் தயாராக நின்றது.

"முருகையண்ணே!"

மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு விருந்தாளிகள்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் எட்டே அறைகளோடு நிற்கிற விடுதி நீலக்கரை. சங்கீதா பிரம்மதேசத்துப் பெண். கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு, இந்தச் சமையலறையில் நாலு வருஷம் இரண்டாம் கையாக வெங்காயம் அரிந்தவள். தலைமைச் சமையல்காரர் போன மாதம் துபாய்க்குப் பறந்துவிட, பதினைந்து நாளாக அடுப்படி அவள் ராஜ்ஜியம். தற்காலிக ராஜ்ஜியம். முதலாளி சிவஞானம் சென்னையில் ஒரு செஃப்பைப் பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை வருகிறான். இன்று புதன்.

நேற்று மாலை அவர் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"இந்த ஒரு லஞ்ச் சங்கீதா. அந்த ஜெர்மன்காரம்மா வாய்ல நல்ல வார்த்த வந்துச்சுன்னா கிச்சன் உன்னுது. மெனு நீ போடற, ஆள நீ வெச்சுக்கற. சென்னைக்காரன வராதன்னு சொல்லிடறேன். வரலன்னா... கத்தியத் தீட்டி வெச்சுக்கோ. வெங்காயம் காத்துக்கிட்டு இருக்குது."

ஜெர்மன்காரம்மா பெயர் ஹெல்கா. தன் நாட்டுக்காரர்களைக் குழு குழுவாகக் கூட்டி வந்து, புதுச்சேரியில் தங்கவைத்து ஊர் சுற்றிக் காட்டுபவர். இன்றைக்கு எட்டுப் பேர். அவர் கேட்டது இரண்டே விஷயம்: இந்தக் கரைச் சாப்பாடு, அதோடு குடிக்க, ஜெர்மனியில் அவருடைய தம்பி தோட்டத்தில் விளைந்த ஒயின். ரீஸ்லிங் என்கிற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின், துளி இனிப்பு கிடையாது. இரண்டும் சேர்ந்து பிடித்துவிட்டால் சீசன் முழுக்க மாதம் இரண்டு குழு நீலக்கரைக்கு வரும்.

காலை எட்டு மணிக்கு அவருடைய டிரைவர் ஐந்து நெட்டைப் பச்சை பாட்டில்களையும், நன்றாகக் குளிர வைக்கும்படி ஒரு சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்பது மணிக்கு கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். ஜெனரேட்டர் கோட்டக்குப்பத்தில் மெக்கானிக் ஷாப்பில் கிடந்தது. பாட்டில்களைச் சில்லென்று ஆக்கும் பொறுப்பை ஸ்டோர் கீப்பர் முருகையன் ஏற்றுக்கொண்டார்.

அந்த முருகையன் இப்போது கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயது. இங்கே சேருவதற்கு முன் இருபது வருஷம் எதிர்ப்பக்க உப்பளத்தில் பாத்தியில் நின்றவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, கல்லாயிடுச்சே!"

"என்னண்ணே பண்ணீங்க?"

"என்னாத்த பண்ணேன்? கூனிமேட்டு மீன் ஷெட்ல ரெண்டு பார் ஐஸ் வாங்கியாந்தேன். ஒடச்சேன். மேல அர மூட்ட கல்லுப்பத் தூவுனேன்."

"உப்பா?"

"பின்ன? வெறும் ஐஸு ஒரு மணி நேரத்துல தண்ணியாப் பூடும். உப்பு போட்டாதானேம்மா கடுங்குளிரா நிக்கும்? வஞ்சிரம்லாம் அப்டிதான மெட்ராசுக்குப் போவுது?"

"இது வஞ்சிரம் இல்லண்ணே. ஒயின்!"

"அது எனக்கும் தெரியுது இப்ப" என்றார் முருகையன், தலையைச் சொறிந்தபடி.

திட்ட நேரமில்லை. கார்க் போன பாட்டிலைத் தனியாக நிறுத்திவிட்டு, மற்ற நாலையும் கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் டப்பில் இறக்கினார்கள். பனி இளக இளக, கார்க்குகளைச் சங்கீதா கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உள்ளே அழுத்தினாள். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலேயே கூட்டி வைத்த வஞ்சிரம் குழம்பு. பக்கத்தில் காரசாரமாக இறால் தொக்கு. முதலாளி சொல்லிக்கொடுத்த மெனு.

இருபது நிமிஷத்தில் பனி உருகியது. பாட்டில்களுக்குள் தெளிந்த, வெளிர் மஞ்சள் திரவம். சங்கீதா மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

பாட்டிலின் அடியில் என்னவோ மின்னியது. ஒரு பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பொடிப்பொடியாக, கண்ணாடி போல, படிகங்கள். இரண்டாவது பாட்டில். அதிலும். மூன்று, நாலு. கார்க் போன ஐந்தாவதிலும்!

"என்ன சத்தத்தையே காணோம்? எல்லாம் ரெடியா?" என்றபடி சிவஞானம் உள்ளே வந்தார். சிகரெட்டை விட்டதிலிருந்து எந்நேரமும் அவர் வாயில் கடலை மிட்டாய். பாட்டிலைப் பார்த்ததும் மெல்லுவது நின்றது.

"என்னாது அது?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முகம் கறுத்தது.

"உப்பு! உள்ள உப்பு பூந்துடுச்சு! ஏம்பா முருகையா, நீ இன்னும் பாத்தியிலதான் நிக்கறன்னு நெனப்பா?"

"மூடி போட்ட பாட்டிலுக்குள்ள உப்பு எப்டி மொதலாளி பூரும்?"

"உப்பு இல்லன்னா கண்ணாடித் தூளு. குடிச்சுட்டு வயித்தப் புடிச்சாங்கன்னா? எம்பஸி கிம்பஸின்னு வந்து நிப்பாங்கடா!"

முருகையன் கார்க் போன பாட்டிலைச் சாய்த்து, எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினார். அடியில் தங்கிய படிகத்தை விரலால் ஒற்றி எடுத்தார். முன்பல்லில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடினார்.

"உப்பு இல்ல."

"எப்டிச் சொல்ற?"

"இருவது வருஷம் மொதலாளி. உப்ப கடிச்சா சத்தத்துலயே தெரியும், எந்தப் பாத்தின்னு. கண்ணாடியும் இல்ல, மாவாக் கரையுது. இது... புளிப்பு."

சங்கீதா ஒரு படிகத்தைத் தன் நாக்கில் வைத்தாள். ஒரு நொடி எதுவுமில்லை. அப்புறம் மெல்லக் கரைந்து, நாக்கின் இரு ஓரத்தையும் இழுத்தது. தெரிந்த இழுப்பு. தினமும் கையால் கரைக்கிற இழுப்பு.

"அண்ணே, இது புளிண்ணே. நம்ம புளி மாதிரியே இருக்குது."

"திராட்சையில ஏதும்மா புளி?" என்று சிவஞானம் டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "சீ! வெனிகர். கெட்டே பூடுச்சு. முடிஞ்சுது கத!" மணியைப் பார்த்தார். செல்போனை எடுத்தார். "இப்ப வண்டிய அனுப்புனா புதுச்சேரியில ஏதாவது ஒரு வெள்ள ஒயின் கெடைக்கும். இந்த பாட்டில கழுவி, அத ஊத்தி, கார்க்க அடிச்சுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம் சார்."

"என்னா வேணாம்?"

"அது அவங்க தம்பி தோட்டத்து ஒயின். நீங்க உங்க வீட்டுக் கொழம்ப மோந்தே கண்டுபுடிக்க மாட்டீங்களா? அவங்க வந்ததும் நடந்தத நடந்தபடி நானே சொல்லிடறேன்."

"சொன்னா கிச்சன் போயிடும்."

சங்கீதா ஒரு கணம் அடுப்பைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "மாத்தி ஊத்தி மாட்டிக்கிட்டா உங்க ஓட்டலே போயிடும் சார்."

சிவஞானம் செல்போனைப் பையில் போட்டார். அந்த இடைவெளியில்தான் முருகையன் அதைச் செய்தார்.

அவர் காலையிலிருந்து உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தார். இப்போதும் வாயில் நாலு பருப்பு. அதோடு டம்ளரிலிருந்து ஒரு வாய் இழுத்தார். வாய்க்குள் உருட்டினார். வாசல் பக்கம் போய்த் துப்பினார்.

"கெட்டுப் போவல மொதலாளி. நல்லாருக்குது. எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு உட்டாப்ல ஜோரா இருக்குது."

"அப்புறம் ஏன்டா துப்பற?"

"பாத்தித் தண்ணி முத்திச்சான்னு பாக்க வாய்ல வெச்சா, முழுங்கவா செய்வோம்? பாத்துட்டுத் துப்பறதுதான் பழக்கம்."

சங்கீதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே பாட்டில். ஒரே டம்ளர். ஒருத்தருக்கு வெனிகர், ஒருத்தருக்கு எலுமிச்சை. ஒருத்தர் வாயில் வெல்லம். ஒருத்தர் வாயில் உப்பு.

"சார், வாயக் கொப்புளிங்க. மிட்டாய அண்ணன்கிட்ட குடுங்க. மல்லாட்டைய நீங்க எடுத்துக்கோங்க."

"எதுக்கும்மா?"

"சொல்றேன். சீக்கிரம்!"

சிவஞானம் மல்லாட்டையை மென்று ஒயினைக் குடித்தார். புருவம் உயர்ந்தது. இன்னொரு வாய் குடித்தார். முருகையன் கடலை மிட்டாயைக் கடித்துவிட்டுக் குடித்தார். வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு வாசலுக்கு ஓடினார்.

"இப்ப இது" என்று புளிக்குழம்பை ஒரு கரண்டியில் நீட்டினாள்.

முருகையன் நக்கினார், குடித்தார், துப்பினார். "ஐய, பல்லு கூசுது. ரெண்டு புளியும் வாய்க்குள்ள கட்டிப் பொரளுது."

"இது?" இறால் தொக்கு.

"எரியுதும்மா! தண்ணி ஊத்தி நெருப்ப ஏத்தி உட்டாப்ல."

மணி பதினொன்று நாற்பத்தைந்து.

சங்கீதா அடுப்பை அணைத்தாள். குழம்புச் சட்டியை இறக்கி ஓரமாக வைத்தாள். தொக்கையும் இறக்கினாள்.

"சார், நம்ம ஸ்டாஃபுக்கு இன்னிக்கு விருந்து. இதெல்லாம் மேசைக்குப் போவாது."

"அடிப்பாவி! முக்கா மணி நேரம்தான் இருக்குது!"

"போதும். பாட்டிலுக்குள்ளயே புளி இருக்குது சார். அப்புறம் நான் எதுக்குப் புளி ஊத்தணும்? நான் உப்பையும் எண்ணெயையும் தேங்காயையும் தரேன். புளிப்ப அவங்க ஒயின் பாத்துக்கட்டும்."

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தச் சமையலறையில் நடந்ததைப் பார்த்திருந்தால், ஏதோ வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

கழுவெளி ஏரி நண்டு அடுப்பேறியது. மிளகும் சின்ன வெங்காயமும் மட்டும் நசுக்கிப் போட்டு, கடைசியில் திக்கான தேங்காய்ப்பால். முருகையன் ஒரு நண்டுக் காலை உறிஞ்சினார், ஒயினை உருட்டினார், துப்பினார். "மெளகக் கொறம்மா. தொண்டையில நிக்குது." மிளகு குறைந்தது. மறுபடி உறிஞ்சல், உருட்டல், துப்பல். "இப்ப ஓடுது!"

கொடுவா மீனைத் துண்டு போட்டு, தேங்காய், இஞ்சி, கொத்தமல்லி அம்மியில் அரைத்துப் பூசி, வாழையிலையில் மடித்து ஆவியில் வைத்தாள். பழக்கதோஷத்தில் கை எலுமிச்சம்பழத்தை அறுத்தது. பிழியப் போனவள், சட்டென்று நிறுத்தி, பழத்தை ஜன்னலில் வைத்தாள். புதிய இறாலை மல்லாட்டை எண்ணெயில் பூண்டோடு போட்டு, கல்லுப்பைக் கையால் நொறுக்கித் தூவி, சுருண்டதும் எடுத்தாள்.

இறாலுக்கு முருகையன் துப்பவில்லை.

"என்னண்ணே, வாசப் பக்கம் போவல?"

"இருவது வருஷத்துல பாத்தித் தண்ணி ஒரு நாளும் இப்டி இருந்ததில்லம்மா" என்றார் அவர், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி.

"போதும் போதும். அண்ணி என்னத்தான் கேப்பாங்க."

வெளியே வேன் வந்து நின்றது.

ஹெல்காவுக்கு அறுபது வயதிருக்கும். வெட்டிய நரை முடி, பருத்திப் புடவை, வெயிலில் சிவந்த மூக்கு. எட்டுப் பேரும் தோட்டத்து மேசைக்குப் போக, அவர் மட்டும் சமையலறை வாசலில் நின்று ஆங்கிலத்தில் கேட்டார்: "என் பாட்டில்கள் எப்படி இருக்கின்றன?"

சிவஞானம் கூரையைப் பார்த்தார். முருகையன் தரையைப் பார்த்தார். சங்கீதா ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மேடம், தப்பு நடந்துவிட்டது. ஐஸில் உப்புப் போட்டுக் குளிர வைத்தோம். ஒயின் உறைந்துவிட்டது. ஒரு பாட்டில் திறந்துகொண்டது. மீதி நாலு இருக்கின்றன. அடியில் இது வந்திருக்கிறது. உப்பில்லை, கண்ணாடியுமில்லை. கடித்துப் பார்த்துவிட்டோம்."

ஹெல்கா பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கினார். மெதுவாகச் சாய்த்தார். படிகங்கள் சரிந்து மின்னின. ஐந்து நொடி. பத்து நொடி. சங்கீதாவின் கண்ணுக்கு முன்னால் வெங்காய மூட்டை ஒன்று வந்து நின்றது.

"கடித்துப் பார்த்தது யார்?"

சங்கீதா முருகையனைக் காட்டினாள். ஹெல்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சுவை என்றார்?"

"புளிப்பு. எங்கள் புளி மாதிரி."

ஹெல்கா வாய்விட்டுச் சிரித்தார். "என் அப்பாவும் கடித்துத்தான் பார்ப்பார். திராட்சையின் சொந்தப் புளிப்பு அது. கடுங்குளிரில் இப்படிக் கல்லாக இறங்கும். வயிற்றை ஒன்றும் செய்யாது. மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்." கார்க்கை உருவி முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். "வாசனை கொஞ்சம் போய்விட்டது. அது வருத்தம்தான். என் தம்பியிடம் சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஐஸும் தண்ணீரும் போதும், உப்பு வேண்டாம்."

அடுத்த முறை! சிவஞானம் அந்த வார்த்தையை மட்டும் கேட்டார். "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று தலையாட்டிக்கொண்டே மேசைக்கு ஓடினார்.

முதலில் வேகவைத்த மல்லாட்டை போனது. உரிக்கத் தெரியாமல் இரண்டு பேர் தோலோடு மெல்ல, முருகையன் செய்து காட்டினார். பிறகு இறால். பேச்சு குறைந்தது. நண்டு போனபோது பேச்சே இல்லை, உறிஞ்சும் சத்தம்தான். மொட்டைத் தலைப் பெரியவர் ஒருவர், நண்டுக் காலை ஒரு கையிலும் கிளாஸை மறு கையிலும் பிடித்து, இது ஒரு வாய் அது ஒரு வாய் என்று கடிகாரம் மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது எழுந்த ஆவிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

சங்கீதா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகப் போகிறது. ரொம்பச் சரியாக. அந்த எண்ணம் வந்த அடுத்த நிமிஷம், சிவஞானம் கையில் ஒரு தட்டோடு மேசையை நோக்கி நடப்பது தெரிந்தது.

கேசரி. நெய் வழிகிற, ஆரஞ்சு நிறக் கேசரி. மரக்காணம் கடையில் ஆள் விட்டு வாங்கி வந்திருக்கிறார்!

கிளாஸ்களில் இன்னும் ஒயின் பாதி இருந்தது.

அவள் கதவைத் தாண்டுவதற்குள் மொட்டைத் தலைப் பெரியவர் ஒரு ஸ்பூன் போட்டுவிட்டார். கிளாஸையும் எடுத்துவிட்டார். குடித்தார். முகம் சுருங்கி, உதடு குவிந்து, ஒரு கண் மூடிக்கொண்டது. ஹெல்கா திரும்பிப் பார்த்தார்.

"மன்னிக்கணும் சார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே சங்கீதா அவர் முன்னாலிருந்து தட்டை எடுத்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "இது ஒயின் முடிந்த பிறகுதான். இப்போது ஓர் இறாலைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடியுங்கள். தயவுசெய்து."

பெரியவர் இறாலை மென்றார். குடித்தார். மூடிய கண் திறந்தது. அப்புறம் அவர் ஜெர்மன் மொழியில் என்னவோ சொல்ல, மேசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

ஹெல்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "முப்பது வருஷமாக என் மனைவி எனக்குச் சொல்லிப் புரியாததை, இந்தப் பெண் ஓர் இறாலில் புரிய வைத்துவிட்டாள் என்கிறார்."

கேசரித் தட்டோடு சங்கீதா உள்ளே திரும்பியபோது, சிவஞானம் பின்னாலேயே வந்தார்.

"ஸ்வீட்டு இல்லாம விருந்தான்னு பாத்தேன். தப்பாம்மா?"

"தப்பில்ல சார். நேரம்தான் தப்பு. பாட்டில் காலியானதும் காப்பியோட நீங்களே வையுங்க."

நாலு பாட்டிலும் காலியாயின. அடியில் ஒரு விரல் ஒயினும் கொஞ்சம் படிகமும் மட்டும் மிச்சம். கேசரியும் காலி. வேனுக்குக் கிளம்பும் முன் ஹெல்கா சமையலறைக்குள் வந்து சங்கீதாவின் கையைக் குலுக்கினார். தன் கிளாஸில் மீதி வைத்திருந்த கொஞ்சம் ஒயினை நீட்டினார். "நீங்கள் குடித்தே பார்க்கவில்லையாமே?"

"நான் குடிப்பதில்லை மேடம். கேட்டுத்தான் சமைத்தேன்."

ஹெல்கா கிளாஸை முருகையனிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு ஹெல்கா சிவஞானத்திடம் திரும்பினார்.

"அடுத்த குழு இரண்டு வாரம் கழித்து. சிவப்பு ஒயின் குடிக்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அதற்கு என்ன சாப்பாடு என்று நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை. இவரிடம் கேட்கிறேன். இவர்தானே இங்கே செஃப்?"

சிவஞானம் ஒரு கணம்தான் தயங்கினார்.

"யெஸ் மேடம். ஷீ இஸ் தி செஃப்."

வேன் புதுச்சேரிப் பக்கம் திரும்பி மறையும்வரை கையசைத்தார். பிறகு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். "ஹலோ, தம்பி... திங்கக்கெழம நீங்க வர வேணாம் தம்பி... இல்ல, ஆளு இங்கயே இருக்குது" என்பது சமையலறைவரை கேட்டது. முருகையன் கிளாஸைத் தூக்கி, ஜன்னல் வழியாக முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

திரும்பி வந்த சிவஞானம் கொள்முதல் நோட்டையும் பேனாவையும் மேசையில் வைத்தார். நாலு வருஷமாகச் சங்கீதா அதைத் தூசி தட்டியிருக்கிறாள், எழுதியதில்லை.

"சரி செஃப்பம்மா, நாளைக்கு என்னா மெனு?"

"இன்னும் முடிவு பண்ணல சார். உங்க போனக் கொஞ்சம் குடுங்க."

மீன் கொடுக்கிற கொளஞ்சியம்மாள் வீட்டுக்கு அடித்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யக்கா, நான் நீலக்கர சங்கீதா. நாளைக்கு எதுவும் ஆர்டர் கெடையாது... இல்லக்கா, கோவம்லாம் இல்ல. விடியக்கால படகு வந்ததும் வலையில என்னென்ன ஏறியிருக்குதுன்னு மட்டும் எனக்குச் சொல்லு. அதப் பாத்துட்டு நான் மெனு போடறேன்."